நாற்பத்து நான்காம் நாள் அறுவை, ஐம்பத்தோராம் நாள் லென்ஸ்: ஒற்றைக் கண் பிறவிப் புரை குறித்த நிகழ்வு ஆய்வு

வலது கண்ணில் மட்டும் புரையுடன் பிறந்த பெண் குழந்தை ஒன்றுக்கு அளிக்கப்பட்ட நான்கரை ஆண்டுச் சிகிச்சையை இங்கே பதிவு செய்கிறேன். தென்மாவட்டத்தில் உள்ள கண் மருத்துவமனை ஒன்றின் கான்டாக்ட் லென்ஸ் பிரிவில், பார்வையை அளந்து லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்டாகப் பணிபுரிகிறேன். அறுவையில் என் பங்கு, அரங்கில் அளவெடுத்துத் தந்ததோடு முடிந்தது; அதற்குப் பிந்தைய சிகிச்சையின் பெரும்பகுதி என் மேசையிலும் அந்தக் குடும்பத்தின் வீட்டிலும் நடந்தது. பெற்றோர் எழுத்து மூலம் ஒப்புதல் அளித்துள்ளனர். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன்.

புரையை எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் பார்வை வந்துவிடும் என்று குடும்பங்கள் நம்பி வருகின்றன. அவசரத்தில் நாமும் அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறோம். இந்தக் குழந்தையின் அறுவை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொண்டது, அதன்பின் ஏறத்தாழ ஒவ்வொரு நாள் காலையிலும் தாய் தன் விரல் நுனியில் எடுத்து வைத்த லென்ஸின் வழியாகத்தான். அந்த இரண்டாவது வேலையை விரிவாகச் சொல்வதே இப்பதிவின் நோக்கம் என்பதால், அறுவையைச் சுருக்கமாகவும் லென்ஸை நீளமாகவும் எழுதுகிறேன்.

கண்டறிந்த விதம்

நிறைமாதத்தில், 2.9 கிலோ எடையுடன் பிறந்த முதல் குழந்தை. தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. பிறந்த இருபதாம் நாள், முற்றத்து வெயிலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது வலது கண்ணின் நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிவதைக் குழந்தையின் அப்பத்தாதான் முதலில் கண்டிருக்கிறார். அருகிலிருந்த மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது, ஒரு வயது நிறைந்த பிறகு அறுவை செய்துகொள்ளலாம், இப்போது மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை நம்பி அவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால், இந்தப் பதிவுக்கு இடமே இருந்திருக்காது. வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு கண்ணும் ஒன்றுபோல ஒளிரவில்லை என்று குறித்து, அன்றே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பிறவிக் கண்புரையும் ஒன்று. பட்டியலில் இருப்பதை வாசலில் நின்று செய்து பார்த்தவர் அந்தச் செவிலியர். எங்களிடம் வந்தபோது குழந்தைக்கு வயது 38 நாள்.

வலது கண்ணின் இயற்கை லென்ஸின் நடுவே ஏறத்தாழ 5 மி.மீ. அகலத்துக்கு அடர்ந்த வெண்புரை. உள்ளிருந்து சிவப்பு ஒளிர்வு சிறிதும் இல்லை. கருவிழியின் (கண்ணின் முன்புறத்தை மூடிய தெளிந்த படலம்) அகலம் 9.5 மி.மீ., இடது கண்ணில் 10 மி.மீ. கேளா ஒலி ஸ்கேனில் விழித்திரை அதன் இடத்தில் இருந்தது; கண்கூழ் தெளிவாக இருந்தது; கருவில் இருந்த இரத்தக் குழாய் மறையாமல் தங்கிவிட்டதற்கான தண்டு எதுவும் தெரியவில்லை. ஒற்றைக் கண் புரையில் இந்தத் தண்டைத் தேடிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் அது இருந்தால் அறுவையின் கடினமும் பின்விளைவும் இரண்டுமே கூடும். இடது கண் இயல்பாக இருந்தது. குழந்தைகள் நல மருத்துவர் இதயத்தையும் பிறவற்றையும் பரிசோதித்து மயக்க மருந்துக்குத் தகுதி என்று சான்று அளித்தார்.

ஏன் இந்த அவசரம்

பிறந்த குழந்தையின் மூளைக்குப் பார்க்கத் தெரியாது. கண்கள் அனுப்பும் தெளிவான பிம்பத்தைக் கொண்டே அது கற்கிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மட்டும் சில வாரம் மூடித் தைத்து வைத்தால், பின்னர் அதைத் திறந்தாலும் மூளையின் பார்வைப் பகுதியில் உள்ள செல்கள் அந்தக் கண்ணைக் கண்டுகொள்வதில்லை என்பதை ஹியூபெல், வீசெல் என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் இருவரும் காட்டினர். 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு கண்ணிலும் புரை இருந்தால் இரண்டும் ஒரேபோல் பின்தங்கும், போட்டி இராது. ஒரு கண்ணில் மட்டும் இருக்கும்போது நல்ல கண் மூளையின் முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. எனவேதான் ஒற்றைக் கண் புரையை நான்கு முதல் ஆறு வார வயதுக்குள் அகற்ற முயல்கிறோம். நான்கு வாரத்துக்கு முன்பே செய்தால் பிற்காலத்தில் கண்நீர் அழுத்த நோய் (குளுக்கோமா) வரும் அபாயம் கூடுகிறது. ஆக, மருத்துவருக்குக் கிடைப்பது இரண்டே வாரம். இக்குழந்தை அந்த இரண்டு வாரத்தில் பாதியைக் கடந்த பிறகே வந்து சேர்ந்தது. அறுவை 44-ஆம் நாளில் நடந்தது, அதாவது ஆறு வாரம் கடந்து இரண்டு நாள்.

அறுவை

பொது மயக்கத்தில், கருவிழி ஓரத்தில் இரண்டு சிறு துளைகள் இடப்பட்டன. லென்ஸ் உறையின் முன்பக்கம் வட்டமாகத் திறக்கப்பட்டு, உள்ளிருந்த பொருள் உறிஞ்சி எடுக்கப்பட்டது. பச்சிளங்குழந்தையின் புரை மென்மையானது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல அதிர்வுக் கருவி கொண்டு உடைக்க வேண்டியதில்லை. உறையின் பின்பக்கமும் திறக்கப்பட்டு, அதையொட்டிய கண்கூழின் முன்பகுதி வெட்டி நீக்கப்பட்டது. இதைச் செய்யாமல் விட்டால், எஞ்சிய செல்கள் சில வாரத்தில் மறுபடி படலம் கட்டி, திறந்த வழியை அடைத்துவிடும். குழந்தையின் கண் சுவர் இளகியது, துளைகள் தாமாக மூடிக்கொள்ளா. ஆதலால் தானே கரையும் 10-0 நூலால் தைக்கப்பட்டன.

எடுத்த லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணுக்குள் நிலையாக வைக்கும் உள்வைப்பு லென்ஸ் பொருத்தவில்லை. பெரியவர்களுக்கு அறுவையோடு அறுவையாக லென்ஸ் வைத்துவிடும் காலத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. தந்தையும் முதலில் அதைத்தான் கேட்டார். அன்று இக்கண்ணின் முன்பின் நீளம் 17.9 மி.மீ.; வளர்ந்த மனிதரின் கண் 23 முதல் 24 மி.மீ. உள்ளே வைத்த லென்ஸின் ஆற்றல் மாறாது, கண்ணோ முதல் ஆண்டிலேயே வேகமாக வளரும். அமெரிக்காவில் 12 மையங்களில், 1 முதல் 6 மாத வயதுள்ள 114 குழந்தைகளிடம், ஒற்றைக் கண் புரை அகற்றிய பின் பாதிப் பேருக்கு உள்வைப்பு லென்ஸும் பாதிப் பேருக்குக் கான்டாக்ட் லென்ஸும் தந்து ஒப்பிட்டார்கள். நான்கரை வயதில் இரு பிரிவின் பார்வையும் சமமாகவே இருந்தது. ஐந்து வயதுக்குள் மறு அறுவை தேவைப்பட்டவர்களோ உள்வைப்புப் பிரிவில் 72 சதவீதம், கான்டாக்ட் லென்ஸ் பிரிவில் 21 சதவீதம். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: எந்தப் பிரிவானாலும் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளின் பார்வை 6/60 (பிறர் 60 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண்பது) அல்லது அதற்கும் கீழேதான் நின்றது. அறுவைக்கு முந்தைய நாள் இந்த இரண்டு செய்திகளையும் பெற்றோரிடம் சொன்னோம். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது ஏமாற்று என்பது என் கருத்து.

கண்ணாடி போட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. ஒரு பக்கம் மட்டும் இருபது டயாப்டருக்கும் (லென்ஸின் ஆற்றலை அளக்கும் அலகு) அதிகமான தடித்த கண்ணாடியை ஏழு வாரக் குழந்தையின் மூக்கில் நிறுத்துவது கடினம். நிறுத்தினாலும் அந்தக் கண்ணின் பிம்பம் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவதால், மூளையால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க இயலாது.

லென்ஸ் பொருத்தியது

அறுவை மேசையிலேயே, குழந்தை மயக்கத்தில் இருந்தபோது, கையடக்கக் கருவியால் கருவிழியின் வளைவை அளந்தேன்: 47.25 டயாப்டர், அதாவது 7.14 மி.மீ. ஆரம். கண்ணின் நீளத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் கருவிழியின் மேல் தேவைப்படும் ஆற்றல் +27.4 டயாப்டர். கைக்குழந்தையின் உலகம் தாயின் முகம், மார்பு, தூளியின் கயிறு என்ற தூரத்துக்குள்தான் இருக்கிறது; லென்ஸ் இல்லாத கண்ணால் தூரத்துக்கும் பக்கத்துக்கும் தானாகக் குவியத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது. எனவே பக்கப் பார்வைக்கென்று 2.5 டயாப்டர் கூட்டி, +30 என முடிவு செய்தேன்.

எந்த வகை லென்ஸ் என்பதில் சிறிது யோசித்தேன். அமெரிக்காவில் இக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தருவது ரப்பர் போன்று இளகிய சிலிக்கான் எலாஸ்டோமர் லென்ஸ்; இரவும் பகலும் கண்ணிலேயே விட்டுவைக்கலாம், எளிதில் கழன்று விழாது. ஆனால் அது 7.5, 7.7, 7.9 என்ற மூன்றே வளைவுகளில், குழந்தைகளுக்கு மூன்று மூன்று டயாப்டர் இடைவெளியில்தான் வருகிறது. 7.14 ஆரம் கொண்ட கருவிழிக்கு அவை தட்டை. விலையும் அதிகம், எண்ணெய்ப் பசை படிந்து விரைவில் மங்கும். எங்கள் ஊர் வெக்கையிலும் புழுதியிலும் இரவு முழுதும் லென்ஸைக் கண்ணில் விட்டுவைக்க எனக்குத் துணிவில்லை. கருவிழிப் புண் வந்துவிட்டால், எந்தப் பார்வைக்காக இவ்வளவும் செய்கிறோமோ அதுவே போய்விடும். எனவே காற்று ஊடுருவும் கடின லென்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அதை அளவு கொடுத்துச் செய்து வாங்கலாம், இரவில் கழற்றிவிடலாம்.

51-ஆம் நாள் முதல் சோதனை லென்ஸை வைத்தோம். குழந்தையைத் துண்டில் கை கால் அடங்கச் சுற்றித் தாய் மடியில் கிடத்தினார். முதலில் வைத்த 7.30 வளைவு லென்ஸ் கீழ்நோக்கிச் சரிந்து இமையோரத்தில் நின்றது. கண்ணீரைப் பச்சையாக ஒளிரவைக்கும் ஃப்ளோரசின் சாயம் இட்டு நீல ஒளியில் பார்த்தபோது, லென்ஸின் நடுப்பகுதி கருவிழியை அழுத்தி, அங்கே கரிய வட்டம் தெரிந்தது. ஓரங்களில் பச்சை தேங்கியிருந்தது. அது தட்டை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 7.10 வளைவில், 8.8 மி.மீ. அகலத்தில் இருந்த +25 சோதனை லென்ஸை மாற்றி வைத்தேன். நடுவில் மெல்லிய பச்சை சீராகப் பரவி, ஓரத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒளிர்ந்த வளையம் அமைந்தது. இமைத்தபோது லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் எழுந்து இறங்கியது. அதன்மேல், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சித் தேவையான ஆற்றலை அளக்கும் ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தபோது இன்னும் +2.50 தேவைப்பட்டது. கணக்கும் கண்ணும் ஒத்துப்போயின.

இவ்வளவு ஆற்றல் கொண்ட லென்ஸ் நடுவில் தடித்துக் கனமாக இருப்பதால் தானாகக் கீழே இறங்கப் பார்க்கும். ஆகவே ஓரத்தை வெளிப்பக்கம் சற்றுத் தடிப்பாக வைத்துச் செய்யச் சொன்னேன். அந்த விளிம்பை மேல் இமை பிடித்துக்கொண்டு லென்ஸைத் தூக்கி நிறுத்தும். தரையில் விழுந்தால் கண்ணில் படும்படி லேசான நீலச் சாயமும் கேட்டிருந்தேன்.

வளைவில் பத்தில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் மாறினால் என்ன ஆகும் என்று தந்தை கேட்டார். பட்டறையில் வெர்னியர் பிடித்து வேலை செய்பவர். அளவு பேசினால் அவருக்கு உடனே புரிகிறது. தண்டுக்கும் துளைக்கும் இடையே விடும் இடைவெளிபோல லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே கண்ணீருக்கு இடம் வேண்டும் என்றேன். அதன்பின் அவர் அதுபற்றிக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் இரும்புத் தூள் அப்பிய கையால் லென்ஸைத் தொடக்கூடாது என்பதைத் தானே விதியாக்கிக்கொண்டார்.

வீட்டில்

தாயும் அப்பத்தாவும் மூன்று நாள் எங்கள் பிரிவில் பயிற்சி பெற்றனர். முதல் முறை லென்ஸை வைக்கத் தாய்க்கு நாற்பது நிமிடம் ஆனது. பிள்ளையைவிட அவர்தான் அதிகம் அழுதார். “மேடம், இது உள்ள போயி மூளைக்குள்ள மாட்டிக்கிடுமா?” என்று கேட்டார். இமையின் உட்புறமும் வெள்ளைவிழியும் ஒரே சவ்வால் மூடப்பட்டுப் பைபோல அடைபட்டிருப்பதால், லென்ஸ் அதிகபட்சம் மேல் இமைக்கு அடியில்தான் ஒளிய முடியும் என்று படம் வரைந்து காட்டினேன். லென்ஸை முதலில் மேல் இமைக்குள் செருகி, பிறகு கீழ் இமையை அதன்மேல் ஏற்றுவது. கழற்றும்போது இரு இமை விளிம்புகளையும் லென்ஸின் ஓரத்தில் அழுத்தி நெம்புவது. ரப்பர் உறிஞ்சியைப் பயன்படுத்துவதானால் லென்ஸ் கண்ணில்தான் இருக்கிறது என்று முதலில் உறுதி செய்வது, இல்லாவிட்டால் உறிஞ்சி வெறும் கருவிழியைக் கவ்வி இழுக்கும். லென்ஸையோ டப்பாவையோ குழாய்த் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ ஒருபோதும் கழுவக்கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு வருகையிலும் திரும்பச் சொல்லிவந்தேன்.

மை இடுவதை நிறுத்தச் சொன்னபோது அப்பத்தா மனம் வருந்தினார். “மை வைக்காம பிள்ளைய எப்படித் தெருவுல தூக்கிட்டுப் போறது?” என்பது அவருக்கு உண்மையான கவலை. கன்னத்திலும் உள்ளங்காலிலும் பொட்டு வைத்துக்கொள்ளலாம், கண்ணுக்குள் வேண்டாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். மைத்துகள் லென்ஸுக்கு அடியில் போனால் கருவிழியைக் கீறும்.

அறுவை செய்த கண்ணை மூளை பயன்படுத்தும்படி நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடும் நேரம், எட்டு மாதம் வரை ஒரு மாத வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி என்ற கணக்கில் தரப்பட்டது. பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. தாய் காலண்டர் தாளில் மணியைக் குறித்து வந்தார். லென்ஸ் போட்ட நேரம் ஒரு கோடு, ஒட்டுப் போட்ட நேரம் ஒரு வட்டம். அந்தத் தாள்கள் எங்கள் மருத்துவக் கோப்பில் இணைக்கப்பட்டுள்ளன.

முதல் ஆண்டில் மொத்தம் ஒன்பது லென்ஸ் தேவைப்பட்டது. நான்கு தொலைந்தன; ஒன்று விளிம்பு உடைந்தது; மற்றவை முதல் லென்ஸும் அளவு மாறியதால் மாற்றியவையும். தொலைந்ததாக நினைத்த ஐந்தாவது லென்ஸ் ஒன்று, தூளிச் சேலையை உதறியபோது அதன் மடிப்பில் கிடைத்தது. ஒரு லென்ஸின் விலை அந்தத் தந்தைக்குச் சில நாள் கூலி. அறுவைக்கு உதவி தேடித் தரும் நாம், அதன் பயனைக் காப்பாற்றும் லென்ஸுக்கு அவரவர் கைக்காசை நம்பி விடுவது சரியல்ல என்று எண்ணுகிறேன்.

நான் செய்த இரண்டு பிழைகள்

முதலாவது, வருகைகளுக்கு இடையே நான் வைத்த இடைவெளி. குழந்தையின் கருவிழி முதல் மாதங்களில் வேகமாகத் தட்டையாகும் என்று தெரிந்திருந்தும், வீட்டின் தொலைவைக் கருதி இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டேன். 18-ஆம் வாரத்தில் வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆறு நாளாக லென்ஸ் வைக்கவில்லை என்றார் தாய். கருவிழி 45 டயாப்டருக்கு, அதாவது 7.5 மி.மீ. ஆரத்துக்கு மாறியிருக்க, பழைய 7.10 லென்ஸ் கிண்ணம் கவிழ்த்ததுபோல இறுகி உட்கார்ந்து, நடுவில் காற்றுக் குமிழைச் சிறைப்பிடித்திருந்தது. புதிதாக 7.45 வளைவில் +28 லென்ஸ் தந்தேன். ஆறு நாள் என்பது நமக்குச் சிறிது. அந்த வயதில், அந்தக் கண்ணுக்கு, பெரிது. இப்போது ஆறு மாதம் வரை மாதந்தோறும் பார்க்கிறேன். வர இயலாதவர்களுக்குப் பயணச் செலவை ஏற்பாடு செய்கிறோம்.

இரண்டாவது பிழை 28-ஆம் வாரத்தில். லென்ஸின் மேல் ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தபோது மைனஸ் 5 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் மைனஸ் 9-க்கும் மேல் வந்தது. பக்கப் பார்வைக்கென்று கூட்டிய 2.5-ஐக் கழித்தால், பத்து வாரத்தில் கண்ணின் தேவை ஆறு டயாப்டருக்கு மேல் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள். புரை அகற்றிய குழந்தைக்கு இது அபாய அறிகுறி: கண்ணழுத்தம் கூடினால் இளங்கண் பலூன்போல நீள்கிறது, நீண்டால் லென்ஸின் தேவை திடீரென இறங்குகிறது. முன்சொன்ன ஆய்வில் பத்தாண்டுக்குள் 22 சதவீதக் குழந்தைகளுக்குக் கண்நீர் அழுத்த நோய் வந்தது. மருத்துவரிடம் உடனே அழைத்துச் சென்றேன். அன்றே மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் 14, நரம்பு நலமாக இருந்தது, நீளம் 19.6 மி.மீ., வயதுக்கு ஏற்ற வளர்ச்சி. கணக்கு எங்கும் பொருந்தவில்லை. கடைசியில் கழற்றி வைத்த லென்ஸை அளவுக் கருவியில் வைத்தபோதுதான் தெரிந்தது: அது +30. மாற்று லென்ஸாக இருக்கட்டும் என்று வீட்டில் பத்திரப்படுத்திய பழைய லென்ஸை அன்று காலை வைத்துவிட்டிருந்தார்கள். ஆற்றல் இரண்டு டயாப்டர் கூடுதல். வளைவு செங்குத்தாக இருந்ததால் அடியில் தேங்கிய கண்ணீரும் ஒரு லென்ஸாகி இன்னும் இரண்டுக்கு மேல் கூட்டியது. குழந்தை அழுகிறதே என்று அன்று நான் ஃப்ளோரசின் இடவில்லை. இட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும், தேவையற்ற மயக்க மருந்தும் தவிர்ந்திருக்கும். அன்றுமுதல் புதிய லென்ஸ் தரும்போது பழையதைத் திரும்ப வாங்கிவிடுகிறோம். வந்தவுடன் கண்ணிலிருக்கும் லென்ஸைக் கழற்றி அளந்த பிறகே மற்றவற்றைத் தொடங்குகிறோம்.

பின்னர்

ஒன்பதாம் மாதத்தில் வலது கண் உள்நோக்கித் திரும்பத் தொடங்கியது. இத்தகைய குழந்தைகளில் மாறுகண் வராதவர்களே குறைவு. இரண்டு வயது எட்டு மாதத்தில் தசை அறுவையால் சீர் செய்யப்பட்டது. சிறு கோணம் எஞ்சியுள்ளது. ஒரு வயதில் லென்ஸ் +24, இப்போது நான்கரை வயதில் +18. நடக்கத் தொடங்கியபின் தூரப் பார்வைக்கே லென்ஸை அமைத்து, பக்கப் பார்வைக்கு இருகுவியக் கண்ணாடி தந்திருக்கிறோம். அதன் இடது பக்கத்தில் ஆற்றல் ஏதும் இல்லை. உடையாத பாலிகார்பனேட் வில்லை மட்டுமே, அந்த நல்ல கண்ணுக்குக் காவலாக.

கடந்த வருகையில் வலது கண்ணின் பார்வை லென்ஸுடன் 6/18, இடது 6/6. இரு கண் ஆழப் பார்வை இல்லை. அழுத்தம் 16. தாய் லென்ஸைக் கொண்டுபோனபோது, யாரும் சொல்லாமலே குழந்தை தன் சுட்டுவிரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து மேலே பார்த்தாள்.

உள்ளே லென்ஸ் வைக்கும் இரண்டாம் கட்ட அறுவை குறித்துப் பேச்சு தொடங்கியிருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தினமும் லென்ஸ் மாட்டுவது சிரமம் என்பது தந்தையின் எண்ணம். நன்றாகப் போகும் ஒன்றை ஏன் கலைக்க வேண்டும் என்பது தாயின் தயக்கம். கண்ணின் நீளம் இப்போது 21.7 மி.மீ. வளர்ச்சி எந்த வேகத்தில் அடங்குகிறது என்பதைப் பார்க்க, ஆறு மாத இடைவெளியில் இன்னும் இரண்டு முறை அளவெடுத்த பிறகே அதை முடிவு செய்வது என்று மருத்துவரும் பெற்றோரும் தீர்மானித்துள்ளனர். அதுவரை லென்ஸ் தொடர்கிறது.